சாங்கியிலிருந்து ஜே.எஃப்.கே.: 17 மணியா, 18:40-ஆ?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியைப் பார்க்க ஒருவழியாகக் கிளம்பிவிட்டாய், சந்தோஷம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையம் வரை உள்ள 15,349 கிலோமீட்டரை, மணிக்கு 900 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்தால் 17 மணி நேரம்தானே, டிக்கெட்டில் ஏன் 18 மணி 40 நிமிடம் என்று கேட்டிருந்தாய். வகுத்தலில் தப்பில்லை. நீ எடுத்துக்கொண்ட தூரமும் வேகமும்தான் ஏமாற்றுகின்றன.

தீர்க்கரேகைப்படி சாங்கி கிழக்கே 104 டிகிரி, ஜே.எஃப்.கே. மேற்கே 74. கூட்டினால் 178, ஏறக்குறைய உலகத்தின் மறுபக்கம். அதனால் குறுக்குவழி கிழக்கேயும் இல்லை, மேற்கேயும் இல்லை, வடக்கே! பேத்தியின் உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார். மங்கோலியா தாண்டி, பைகால் ஏரிக்குச் சற்று மேற்கே ஏறி, வடதுருவத்துக்கு 300 கி.மீ.க்குள் போய், கனடா வழியாக இறங்கும். சுவர் வரைபடத்தில் இது தெரியவே தெரியாது. மனக்கணக்கும் போடலாம்: சாங்கியிலிருந்து துருவம் 88.6 டிகிரி, அங்கிருந்து ஜே.எஃப்.கே. 49.4, மொத்தம் 138. டிகிரிக்கு 60 கடல் மைல், கடல் மைலுக்கு 1.852 கி.மீ. என்று பெருக்கினால் 15,335. விட்டுப்போன 14 கி.மீ., பூமி துருவத்தில் தட்டையாக இருப்பதால் வருவது.

ஆனால் விமானம் பெரும்பாலும் இந்த நூலைப் பிடித்துப் போவதில்லை. பசிபிக் பக்கம் திரும்பி, ஜப்பானை ஒட்டி உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக அடிக்கும் ஜெட் காற்றில் ஏறிக்கொள்ளும். வழி ஆயிரம் கி.மீ. கூடினாலும், காற்று பின்னாலிருந்து 150 கி.மீ. வேகத்தில் தள்ளினால் 900 என்பது 1,050 ஆகிவிடும். அந்தத் தள்ளல் வழிநெடுக இராது. தென்சீனக் கடல்மேல் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கோடையில் காற்று வலுவிழந்து வடக்கே ஒதுங்கும். இன்னொன்று, டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அங்கே கேட்டில் நிற்கும்வரை, ஓடுபாதைக்கு ஊர்வது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் சேர்த்தி.

விலையைப் பார்த்து மலைத்திருப்பாய். நீ போகும் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) விமானத்தில் 165,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். இருக்கைகள் 161 மட்டுமே. சாதா எகானமி கிடையாது.

மாப்பிள்ளைக்கு இறங்கும் நேரத்தைச் சொல்லும்போது ஜாக்கிரதை. இரவு 11:35-க்குக் கிளம்பினால் 18:40 கூட்டி, சிங்கப்பூரில் மறுநாள் மாலை 6:15. குளிர்காலத்தில் 13 மணி கழி: நியூயார்க்கில் அதிகாலை 5:15. மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அதிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை 12 மணிதான் கழிக்க வேண்டும், 6:15 ஆகும். உன் பயணம் அந்த மார்ச் ஞாயிறை ஒட்டியே வருகிறது. கிளம்பும் தேதியை விடு, இறங்கும் தேதியைப் பார்த்துக் கழி. டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம்தான். அதில் மறுபடி எதையும் கழித்துவிடாதே.

அன்புடன்,
ரவி