கயல், உங்கள் தாள் கிடைத்தது

அன்புள்ள கயல்,

நீயும் உன் கூட்டாளிகளும் அச்சடித்த தாளோடு நீ அனுப்பிய உறை வந்து சேர்ந்தது. தொழில்காரனாக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பக்கத்தில் சிவப்பு ரெஜிஸ்டர் சேரவில்லை, நீலத்தை விட்டு ஒரு மயிரிழை விலகி நிற்கிறது. கடைசிப் பக்கத்தில் கீழ் மார்ஜின் போதாது. மற்றபடி நல்ல வேலை. வாடகை உயர்வைப் பற்றிய அந்தக் கட்டுரை யார் எழுதியது? பெயர் போடவில்லை. நீதான் என்று அம்மா சொல்கிறாள். "இவ சண்டை போடும்போது இப்படித்தான் பேசுவா" என்கிறாள்.

அவளுக்குக் கவலைதான். சம்பள வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, ஓக்லாந்தில் ஒரு பழைய கிடங்கில் ஏழெட்டுப் பேரோடு சேர்ந்து ரிசோ என்கிற நகலச்சு மெஷின் ஓட்டுகிறாய். குடியுரிமை வந்தாயிற்று, யாரும் அனுப்பிவிட முடியாது என்று நீ சொன்னதில் அவளுக்குப் பாதிக் கவலைதான் தீர்ந்தது. எனக்குக் கவலை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கவலை வேறு மாதிரி.

போனில் நீ சொன்னாயே, எங்களை மாதிரித் தாங்களே அச்சடித்துக்கொண்ட முன்னோடிகள் இந்த சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கத்திலேயே இருந்தார்கள் அப்பா என்று. அதிலிருந்து அவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பிரஸ்ஸை மூடிவிட்டவனுக்கு வேறு என்ன வேலை! அவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நான் தேடியது வேறு. மெஷின் யாருடையது, தாள் எங்கிருந்து வந்தது, ராத்திரி ரோலரைக் கழுவியது யார்?

சான் பிரான்சிஸ்கோவில் ஹைட்-ஆஷ்பரி என்ற ஹிப்பிப் பகுதியில் இருந்த டிக்கர்ஸ் கூட்டம் உனக்குத் தெரிந்திருக்கும். தெரு நாடகக் குழுவிலிருந்து பிரிந்து வந்தவர்கள். 1649-இல் இங்கிலாந்தில் பொது நிலத்தைக் கொத்திப் பயிரிட்ட ஏழைகளின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டார்கள். 1966 அக்டோபரிலிருந்து பான்ஹேண்டில் பூங்காவில் மாலை நான்கு மணிக்கு யார் வந்தாலும் இலவசச் சாப்பாடு. ஆளைவிட உயரமான மரச்சட்டம் ஒன்றை நிறுத்திவைத்து, அதற்குள் நுழைந்து போய்த்தான் தட்டை நீட்ட வேண்டும் என்று வைத்தார்கள். சாப்பாட்டுக்கு வந்தவன் படத்துக்குள் நுழைந்தவன் ஆகிவிடுகிறான். இது எனக்குப் பிடித்திருந்தது. காலி காபி டப்பாவில் கோதுமை ரொட்டி சுட்டதும் பிடித்திருந்தது.

1967 ஜனவரியில் செஸ்டர் ஆண்டர்சன், கிளாட் ஹேவர்ட் என்ற இருவர் அங்கே ஒரு கெஸ்டட்னர் மெஷினை வைத்துக்கொண்டு 'கம்யூனிகேஷன் கம்பெனி' என்று தொடங்கினார்கள். கெஸ்டட்னர் என்றால் வேறொன்றுமில்லை, நம் ஊர் சைக்ளோஸ்டைல்தான். உன் அத்தை படித்த பள்ளியில் பரீட்சைக் கேள்வித்தாள் அதில்தான் ஓடியது. தொழிற்சங்க ஆபீஸ்களில் ஸ்டிரைக் நோட்டீஸ் ஓடியதும் அதில்தான். டைப்ரைட்டரில் ரிப்பனை விலக்கிவிட்டு மெழுகுத்தாளில் அடிக்க வேண்டும். எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகும், அதன் வழியே மை இறங்கும். அவ்வளவுதான். ஹங்கேரியில் பிறந்து லண்டனுக்குப் போன டேவிட் கெஸ்டட்னர் 1880-களில் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்காகச் செய்துவைத்த ஏற்பாடு அது. குமாஸ்தாக்களின் மெஷினை ஹிப்பிகள் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் ரிசோவும் அதே வம்சம்தான். உள்ளே டிரம்மைச் சுற்றியிருக்கும் அந்த மாஸ்டர்தான் அந்தக் காலத்து ஸ்டென்சில். தொட்டால் மை கையில் ஒட்டுகிறது என்று அலுத்துக்கொண்டாயே, அது அப்படித்தான். ஆறு மாதம் கழித்துத் தொட்டாலும் ஒட்டும்.

அவர்களிடம் கூடவே இன்னொரு மெஷினும் இருந்தது. படத்தையே ஸ்டென்சிலாக வெட்டித் தரும் கெஸ்டஃபாக்ஸ். அதனால் காலையில் நடந்தது சாயங்காலம் தாளாகித் தெருவில் கிடைத்தது. தெருவில் போலீஸ் பிடிக்கிறது, இன்ன இடத்தில் சாப்பாடு, இன்ன மாத்திரையில் கலப்படம் என்று எல்லாம் ஒற்றைத் தாள்கள். பொதுவாக இந்த மாதிரிக் கூட்டங்கள் தங்களையே புகழ்ந்துகொள்ளும். ஆண்டர்சன் அப்படிச் செய்யவில்லை. தங்கள் தெருவிலேயே ஒரு சின்னப் பெண்ணுக்கு நடந்த கொடூரத்தை 1967 ஏப்ரலில் ஒரு தாளில் அப்படியே எழுதி, அன்பைப் பற்றிப் பேசிக் கடை நடத்துகிறவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்டார். படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் தாளில் உங்களைப் பற்றி ஒரு கேள்வி வருமா, கயல்?

ஆனால் அந்தக் கோடை முடிவதற்குள்ளேயே கம்பெனியில் கசப்பு. மெஷின்கள் டிக்கர்ஸ் கைக்குப் போய்விட்டன. ஆண்டர்சன் வெளியே.

நான் கவனித்த வரையில், இந்தக் கூட்டங்களில் சண்டை கொள்கையில் தொடங்கினாலும் மெஷினில்தான் வந்து நிற்கிறது. 'லிபரேஷன் நியூஸ் சர்வீஸ்' என்று ஒன்று, நூற்றுக்கணக்கான மாற்றுப் பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பியது. 1968 ஆகஸ்டில் அது இரண்டாக உடைந்தபோது, நிறுவியவர்களில் ஒருவரான மார்ஷல் புளூமும் அவர் கூட்டாளிகளும் அச்சு இயந்திரத்தையும் சாமான்களையும் லாரியில் ஏற்றி மாசசூசெட்ஸில் ஒரு பண்ணைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நியூயார்க் ஆபீஸைச் சேர்ந்த எதிர்ப்பக்கத்தார் பின்னாலேயே துரத்திப் போய்ப் பல மணி நேரம் அவர்களைப் பிடித்து வைத்தார்கள். எல்லாம் உலக சமாதானம் பேசியவர்கள்! மெஷின் போன இடத்தில் செய்தி நிலைக்கவில்லை. பண்ணைப் பதிப்பு சீக்கிரமே நின்றது. மெஷினை இழந்த நியூயார்க் பக்கம் 1981 வரை ஓடியது. ஏன் என்று யோசித்துப் பார். அங்கே தினமும் வேலைக்கு வருகிற ஆட்கள் இருந்தார்கள்.

'சான் பிரான்சிஸ்கோ ஆரக்கிள்' பத்திரிகையின் வண்ணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மைத் தொட்டியில் தடுப்பு வைத்து, பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு மை ஊற்றுவது. ரோலர் ஓட ஓட நடுவில் கலந்து வானவில் மாதிரி இறங்கும். நம் ஊரில் சினிமா போஸ்டருக்கும் கட்சி போஸ்டருக்கும் செய்கிற அதே வேலை. அங்கே அதை ஞானப் பரவசம் என்கிறார்கள். செய்தது மெஷின்மேன். சரி, அதை விடு.

1968 மே மாதம் பாரிஸில் நடந்தது இன்னொரு ரகம். நுண்கலைக் கல்லூரி மாணவர்கள் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டு 'மக்கள் பட்டறை' என்று பெயர் வைத்தார்கள். முதல் போஸ்டரைக் கல்லச்சில் போட்டார்கள், முப்பதோ என்னவோதான் வந்தது. அதை ஒரு ஓவியக்கூடத்தில் விற்றுப் போராட்டத்துக்குப் பணம் சேர்க்கலாம் என்று எடுத்துப் போனால், வழியிலேயே மாணவர்கள் பிடுங்கிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். அங்கேதான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. கல்லச்சை விட்டுவிட்டு ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு மாறினார்கள். அது அந்த ஊர் ஓவியர்கள் அதிகம் தொடாத முறை, விளம்பரக்காரர்கள் சமாச்சாரம். தாள்? வேலைநிறுத்தத்தில் இருந்த பத்திரிகை அச்சுத் தொழிலாளர்கள் ரோல் முடியும்போது மிஞ்சும் நியூஸ்பிரிண்ட்டைக் கொடுத்தார்கள். தினமும் கூட்டம் போட்டு, இந்தக் கருத்து சரியா, இந்தப் படம் அதைச் சொல்கிறதா என்று இரண்டே கேள்வி கேட்டு வைத்துக்கொள்வார்கள் அல்லது தள்ளுவார்கள். யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. ஜூன் 27-ஆம் தேதி போலீஸ் வந்து காலி செய்தது. ஆறு வாரத்தில் நூற்றுக்கணக்கான வடிவங்கள். போஸ்டருக்கு இடம் சுவர்தான், காட்சிக்கூடம் இல்லை என்று எழுதியும் வைத்தார்கள். இப்போது அவை ஏலத்தில் போகின்றன.

உன் தாளில் பெயர் இல்லாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. நம் நாட்டில் 2024-இல் புதுச் சட்டம் வரும் வரை இருந்த 1867-ஆம் வருடத்துச் சட்டப்படி, அச்சாகும் பத்திரிகை, புத்தகம் எதிலும் அச்சிட்டவன் பெயரும் ஊரும் இருந்தாக வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் நம்மைக் கண்காணிக்கப் போட்ட சட்டம்தான். ஆனால் அதனால் ஒன்று நடந்தது. எழுதியவன் புனைபெயரில் ஒளிந்துகொள்ளலாம், பிரஸ்காரன் ஒளிய முடியாது. அவசர நிலைக் காலத்தில் நான் பள்ளி விட்டு வந்து தாத்தாவின் பிரஸ்ஸில் எழுத்துப் பெட்டியான கேஸில் ஈய எழுத்தைப் பிரித்துப் போடும் பையன். கோயில் திருவிழா நோட்டீசைக்கூட தாத்தா இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் டிரெடில் அச்சு மெஷினில் ஏற்றுவார். கீழே நம் பெயர் இருக்கிறதே!

அதனால்தான் அந்தக் கதைகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் பில் ஷானன். விஸ்கான்சின் மாநிலத்தில் ஏரிக்கரை ஊர் ஒன்று, போர்ட் வாஷிங்டன். அங்கே உள்ளூர் வார இதழ்கள் நடத்தி, ஆஃப்செட் மெஷினும் வைத்திருந்த நடுவயதுக்காரர். தாடி இல்லை, கிதார் இல்லை. மில்வாக்கியிலிருந்து 'கலைடோஸ்கோப்' என்ற மாற்றுப் பத்திரிகைக்காரர்கள் அச்சடித்துத் தரும்படி கேட்டு வந்தார்கள். வேறு பிரஸ்கள் பயந்து மறுத்த வேலை. இவர் ஒப்புக்கொண்டார். கேள்விப்பட்டு மற்ற ஊர்ப் பத்திரிகைகளும் வந்தன. அதில் எழுதியிருந்த பலவும் அவருக்கு உடன்பாடில்லை. அச்சடிக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்பதுதான் அவர் பேச்சு. 1969-இல் உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவர், ஷானனுக்கு விளம்பரம் கொடுக்கிறவர்களிடம் நான் பொருள் வாங்க மாட்டேன் என்று ஊர் முழுக்கக் கடிதம் அனுப்பினார். கடைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். தன் இதழ்களையே ஒவ்வொன்றாகக் கைவிட வேண்டி வந்தது. மெஷினை மட்டும் நிறுத்தவில்லை. 1971-இல் இறந்துபோனார். மிஞ்சிய உள்ளூர் இதழை மகன் தொடர்ந்து நடத்தினார்.

அந்த மாற்றுப் பத்திரிகைகளின் ஆசிரியர்களுக்கு நினைவுக் குறிப்புகள் உண்டு, பேட்டிகள் உண்டு. ஷானனைப் பற்றி எனக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். அரசாங்கத்துக்கு மட்டும் எங்கே கைவைக்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. எழுதுகிறவர்களோடு எஃப்.பி.ஐ. வாதம் செய்யவில்லை. மாற்றுப் பத்திரிகைகளில் இசைத்தட்டு விளம்பரம் வராமல் செய்யலாமா என்று யோசித்தது. கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியின் பத்திரிகைக் கட்டுகளில் மலநாற்றம் வீசும் ரசாயனம் தெளிக்கலாம் என்றுகூட 1970-இல் ஒரு யோசனை இருந்தது. பின்னால் செனட் விசாரணையில் வெளிவந்த செய்தி. சிரிப்புதான் வருகிறது, ஆனால் பத்திரிகை விற்கிற ஏஜென்ட் கட்டைப் பிரித்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தூக்கி எறிந்துவிடுவான், அது நிஜம்.

பிளாக் பாந்தர் உன் ஊர்ப் பத்திரிகை. 1967 ஏப்ரலில் முதல் இதழ் சைக்ளோஸ்டைலில் ஓடிய நாலு பக்கம். அப்புறம் எமரி டக்ளஸ் வந்தார். கல்லூரியில் விளம்பர ஓவியம் படித்தவர், ஒட்டுவேலை தெரிந்தவர். காசு இல்லாததால் கறுப்போடு ஒரு வண்ணம்தான். அந்த ஒரு வண்ணத்தை அவர் எங்கே வைக்கிறார் என்று பார். கனமான கறுப்புக் கோடு போட்டு, கடையில் கிடைக்கும் புள்ளித்தாளை வெட்டி ஒட்டி நிழல் கொடுத்திருக்கிறார். கனத்த கோடாக இருந்தால் ரெஜிஸ்டர் கொஞ்சம் விலகினாலும் தெரியாது. உங்கள் சிவப்புக்கு அங்கே வைத்தியம் இருக்கிறது.

இன்னொன்றையும் படித்தேன், உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நியூயார்க்கில் 'ராட்' என்ற பத்திரிகை. புரட்சி பேசுகிற ஆண்கள் நடத்தியது. டைப் அடிப்பதும் ஒட்டுவதும் காபி போடுவதும் பெண்கள். பக்கத்துக்குப் பக்கம் பெண்களின் நிர்வாணப் படம். 1970 தொடக்கத்தில் அந்தப் பெண்களே பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அந்த இதழில் ராபின் மார்கன் என்ற பெண் எழுதிய கட்டுரை, தோழர்களைப் பெயர் சொல்லி நறுக்கென்று கேட்டது. டிக்கர்ஸ் இலவசச் சாப்பாட்டுக் கதையிலும் அதுதான். விடிகாலையில் மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி கேட்டு வாங்கியதும் ஆக்கியதும் பெரும்பாலும் பெண்கள்தான். புத்தகங்களில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

இதனால் எல்லாம் நீ அந்த வேலையை விட வேண்டும் என்று சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் எனக்குச் சில விவரம் வேண்டும். மெஷின் யார் பெயரில் இருக்கிறது? ஒரு தாள் கொண்டுவர மாஸ்டர், மை, காகிதம் சேர்த்து என்ன ஆகிறது, யார் கட்டுகிறார்கள்? கணக்கு நோட்டு ஒன்று போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் நீ போடு, எல்லோரும் பார்க்கிற இடத்தில் வை. அச்சகம் நடத்துவதில் என்னிடம் கற்றுக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது. அடுத்த தடவை நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, மடிக்காமல் அனுப்பு. மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்று கேட்கச் சொல்கிறாள். ராத்திரி வெகுநேரம் வேலை நடக்கிறதாமே, அந்த ஏழெட்டுப் பேருக்கும் சமைக்கிறது யார் என்று.

அன்புடன்,
அப்பா