கீழ இருந்த அந்த ஒரு வரிய ஏன் சார் வெட்டினீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல யுத்தகால கார்ட்டூன் பத்தி வந்த கட்டுரையை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா 1942ல லண்டன் டெய்லி மிரர்ல வந்த அந்த மாலுமி படத்தை போட்டுட்டு அதுக்கு கீழ இருந்த வரிய மட்டும் வெட்டிட்டீங்களே, அதான் மனசு ஆறல. லெட்டர்பிரஸ் காலத்துல கம்பாசிட்டரா, அதாவது ஈய எழுத்தைக் கையால கோக்கறவனா இருந்தவன் நான், இடம் பத்தலைன்னா முதல்ல எது மேல கை வைப்பாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா இந்தப் படத்துல கை வைக்கக்கூடாத இடம் அது ஒண்ணுதான். வரைஞ்சது டேவிட் லோன்னு வேற போட்டிருக்கீங்க. அவர் இல்ல, பிலிப் ஜெக்.

படத்துல என்ன இருக்கு? இருட்டுக் கடல், ஒரு மிதவை, அதை கட்டிப்பிடிச்சுகிட்டு கிடக்குற ஒரு மாலுமி, அவன் கப்பலை எதிரி டார்பிடோ அடிச்சு மூழ்கடிச்சுட்டான். அவ்ளோதான். சர்ச்சில் இல்ல, சுருட்டு இல்ல, ஒரு மந்திரி கூட இல்ல. கீழ ஒரு வரி: "பெட்ரோல் விலை ஒரு பென்னி உயர்ந்துள்ளது - அரசு அறிவிப்பு". ஜெக் முதல்ல வெச்சது பெட்ரோல் இப்ப விலை ஜாஸ்திங்கற மாதிரி ஒரு சாதா வரிதான், அதே பேப்பர்ல கசாண்ட்ராங்கற பேர்ல எழுதிட்டிருந்த வில்லியம் கானர் பாத்துட்டு இன்னும் உறைக்கணும்னு மாத்திக் குடுத்தார். அந்த "அரசு அறிவிப்பு"ல இருக்கு சார் விஷம்.

நம்பலைன்னா நான் பண்ணினதை கேளுங்க. போன்ல முழுப் படத்தையும் எடுத்து, கீழ் வரிய கட்டைவிரலால மறைச்சுட்டு ஒம்பதாவது படிக்கற பேத்திகிட்ட காட்டினேன். ஐயோ பாவம் தாத்தா, கப்பல் கவுந்துடுச்சா, அப்படின்னா. விரலை எடுத்து வரிய தமிழ்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, ஒரு காசு விலை ஏத்தி யாரோ சம்பாதிக்கறதுக்கா இவர் செத்தாரு, அப்படின்னு கேக்கறா. பக்கத்துல கீரை ஆய்ஞ்சிட்டிருந்த என் வீட்டுக்காரம்மா எட்டிப் பாத்துட்டு, அது இல்லடி, ஒருத்தன் உயிரைக் குடுத்து கொண்டு வர்ற எண்ணெய், சும்மா வண்டியை முறுக்காதீங்கடான்னு சொல்றான்னாங்க. எங்க வீட்டு திண்ணையில ரெண்டு நிமிஷத்துல முடிஞ்ச விஷயத்துக்குத்தான் லண்டன்ல மூணு வாரம் ரகளை. ஜெக் சொன்ன அர்த்தம் என் வீட்டுக்காரம்மா சொன்னது. பிரதமர் சர்ச்சிலும் அவரோட கூட்டணி அரசுல உள்துறை மந்திரியா இருந்த ஹெர்பர்ட் மோரிசனும் எடுத்துக்கிட்டது பேத்தி சொன்னது. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற கதைதான்.

கட்டுரைல மிரரை தடை பண்ணிட்டாங்கன்னு எழுதியிருக்கு, அதுவும் சரியில்ல. மார்ச் 19ந்தேதி ஆசிரியரையும் நிர்வாகத்தையும் கூப்பிட்டு மோரிசன் மிரட்டி அனுப்பினார், இனிமே இப்படி போட்டா 2டிங்கற யுத்தகால விதில பேப்பரையே மூடிடுவேன்னு. அதே விதில 1941 ஜனவரிலயே டெய்லி வொர்க்கர்ங்கற கம்யூனிஸ்ட் பேப்பரை மூடினவர், அதனால அது வெத்து மிரட்டல் இல்ல. ஜெக்கோட பின்னணியை வேற தோண்டிப் பாத்தாங்க. மனுஷன் யூதர், நாஜிகளை பாம்பும் தவளையுமா வரைஞ்சவர், அவரைப் போய் எதிரிக்கு உதவறவனான்னு சந்தேகப்பட்டா என்ன சொல்றது. 26ந்தேதி பார்லிமெண்டுல அன்யூரின் பெவன்ங்கற எம்.பி. மோரிசனை பிரிச்சு மேஞ்சுட்டார், ரெண்டு பேரும் ஒரே லேபர் கட்சி. இந்த மோரிசன் முதல் உலகப்போர்ல சண்டைக்கு வரமாட்டேன்னு மறுத்தவர்ங்கறது தனிக் கூத்து.

லோவும் அந்தக் காலத்து கார்ட்டூனிஸ்ட்தான், நீங்க குழம்பினதுக்கு அதான் காரணமா இருக்கும். 1940 மே 14 அவர் வரைஞ்ச படத்துல சர்ச்சில் சட்டைக் கையை மடிச்சுகிட்டு நடக்கறார், பின்னாடியே மந்திரிகள் கூட்டம், முன் வரிசைல இதே மோரிசன். அந்தப் படத்துக்கு எந்த விதியும் ஞாபகத்துக்கு வரல பாருங்க.

சண்டை நேரத்துல தலைமையை கிண்டல் பண்ணா ஜனங்க மனசு ஒடிஞ்சுடும்னு கட்டுரையாளர் முடிக்கறார். 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் ஜப்பான்காரன்கிட்ட விழுந்துடுச்சு, ஜெக் படம் வந்தது மார்ச் முதல் வாரம். மனசு ஒடிய ஜனங்க மார்ச் வரைக்கும் காத்திருந்தாங்களா என்ன? மலாயா தோட்டத்துல மாட்டிகிட்டு அப்புறம் ஜப்பான்காரன் போட வெச்ச சயாம் ரயில் பாதைல போய் செத்த நம்ம ஆளுங்க குடும்பத்துகிட்ட கேட்டா தெரியும், தலைமை எங்க கோட்டை விட்டுச்சுன்னு சொல்ல அவங்களுக்கு கார்ட்டூனே வேண்டாம்.

ஜெக்கோட இன்னொரு படத்தை நீங்க விட்டுட்டீங்க. 1945 மே 8, ஐரோப்பால சண்டை முடிஞ்ச அன்னைக்கு, காயம்பட்ட சிப்பாய் ஒருத்தன் வெற்றியும் சமாதானமும்னு எழுதின மாலையை நீட்டி, இந்தாங்க, மறுபடியும் தொலைச்சிடாதீங்கங்கறான். ஜூலை 5 ஓட்டுப்போடற அன்னைக்கு மிரர் அதையே திரும்ப முதல் பக்கத்துல போட்டுச்சு. சர்ச்சில் கட்சி தோத்துச்சு. இந்த தடவை லேபருக்காக மிரரோட கைகோத்து நின்னவர் மோரிசன்!

அடுத்த இதழ்ல மாலுமி படத்தை முழுசா போடுங்க சார். வரி பெருசா வேண்டாம், தடி எழுத்து வேண்டவே வேண்டாம், பத்து பாயிண்ட் போதும்.

இப்படிக்கு
ஒரு பழைய கம்பாசிட்டர், உறையூர்