மணி வீட்டுக்கு வருவதற்கு முன்

அன்பு நண்பா,

உன் கடிதத்தை நேற்று ராத்திரிதான் படித்தேன். படித்து முடித்ததும் என் நாய் செவலையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவன் தூக்கக் கலக்கத்தில் தலையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு மறுபடியும் தூங்கிப்போனான். மணியின் பின்னங்காலை எடுத்துவிட்டார்கள், நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்ற அந்த ஒரு வரியை நாலைந்து தடவை படித்திருப்பேன்.

"அவனிடம் கேட்காமல் இப்படிச் செய்துவிட்டோமே" என்று எழுதியிருந்தாய். இரண்டு வருடத்துக்கு முன் செவலையின் முன்னங்காலை எடுத்த அன்று நானும் இதே கேள்வியோடுதான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். மணிக்கு வந்தது எலும்பை உள்ளிருந்தே அரிக்கிற புற்றுநோய். அந்தக் கால் தானாகவே முறிந்துபோகக்கூட வாய்ப்பு இருந்தது. நாய்கள் வலியை எவ்வளவு மறைக்கும் என்று உனக்குத் தெரியாததல்ல. அறுவை சிகிச்சைக்கு முந்தின மூன்று வாரமும் அவன் அந்தக் காலை ஊன்றவே இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் மூன்று காலில் நடக்க அவன் ஏற்கெனவே பழகிவிட்டான். விபத்தில் நரம்பு அறுந்த செவலைக்கு அந்த அவகாசம்கூடக் கிடைக்கவில்லை. இன்னொன்று, நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. முன்னங்கால் போனவனே இன்று தோட்டத்தில் ஓடுகிறான். பின்னங்கால் போன மணிக்கு அந்த வகையில் பாடு கொஞ்சம் குறைவுதான்.

எத்தனை நாள் இருப்பான் என்றும் கேட்டிருந்தாய். உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை. காலை மட்டும் எடுத்தால் பாதி நாய்கள் நான்கைந்து மாதத்தைத் தாண்டுவதில்லை. கீமோ என்கிற புற்றுநோய் மருந்துச் சிகிச்சையும் சேர்ந்தால் பாதி நாய்கள் பத்து மாதம், ஒரு வருடம் வரை இருக்கின்றன, சில அதைத் தாண்டியும் இருக்கின்றன. தையல் பிரிக்கும் சமயத்தில்தான் பொதுவாகக் கீமோவைத் தொடங்குவார்கள். அதைப் பற்றி டாக்டரிடம் இப்போதே பேசி வை. எத்தனை மாதமானாலும், அந்தக் காலின் வலி இல்லாத மாதங்களாக இருக்கும். நீங்கள் அவனுக்குச் செய்தது அதுதான்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மணியைக் கூட்டிவரும்போது முதல் பார்வையிலேயே உங்களுக்குத் தூக்கிவாரிப்போடும். இடுப்பு முழுக்க மழித்திருப்பார்கள். நீளமாகத் தையல் இருக்கும், தோல் கன்றி ஊதா நிறத்தில் கிடக்கும். அந்த நிறம் இரண்டு மூன்று நாளில் வயிற்றுப் பக்கம் இறங்கிவரும், பயப்படாதே. காலை இவ்வளவு மேலே ஏன் எடுத்தார்கள் என்றும் தோன்றும். கொஞ்சம் மிச்சம் வைத்தால் அதை ஊன்றப் பார்த்து, இடித்து இடித்துப் புண்ணாக்கிக்கொள்வான் என்பதால்தான். குழந்தைகளிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடு. சின்னவன் பார்த்து அழுதால் மணி பதறிப்போவான்.

முதல் வாரத்தில் பாதி வேலை மருந்துதான். ஆஸ்பத்திரியில் கொடுத்த பலமான வலி மருந்தின் வேகம் இருக்கும்வரை நன்றாக இருப்பான். வந்த அன்றே வாலை ஆட்டிக்கொண்டு நடப்பான், நீயும் நிம்மதியாக மூச்சு விடுவாய். அப்புறம் மூன்றாவது நாளோ நான்காவது நாளோ திடீரென்று சுருண்டு படுத்துக்கொள்வான். செவலை அந்த நாளில் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் செய்த தவறு, அவன் தெம்பாக இருக்கிறானே என்று அதற்கு முந்தின நாள் ஒரு வேளை மருந்தைத் தள்ளிப்போட்டது. வலி ஒருமுறை ஏறிவிட்டால் இறக்குவது கஷ்டம். நடுராத்திரியானாலும் அலாரம் வைத்து எழுந்து கொடு. வீக்கத்தையும் வலியையும் குறைக்க மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போல ஒன்று தருவார்கள். அதைச் சாப்பாட்டோடு கொடு. வாந்தி எடுத்தாலோ மலம் கறுப்பாகப் போனாலோ அடுத்த வேளை கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடு. நரம்பு வலிக்குக் காபாபென்டின் கொடுத்தால் தூங்கி வழிவான், நடை தள்ளாடும். மூன்று காலில் தள்ளாடுவதைப் பார்த்தால் பகீரென்றிருக்கும். அது மருந்தின் வேலை, நாளாக நாளாகச் சரியாகிவிடும். ஆனால் அதை நீயாகச் சட்டென்று நிறுத்திவிடாதே, டாக்டர் படிப்படியாகக் குறைக்கச் சொல்வார். அந்த மருந்தை மனிதர்களுக்கான திரவமாக மட்டும் வாங்காதே. அதில் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருக்கலாம், அது நாய்களுக்கு விஷம். நம் வீட்டு மருந்துப் பெட்டியில் கிடக்கும் பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் கூடவே கூடாது. தங்கச்சியிடமும் இதை அழுத்திச் சொல். அவன் முனகுவதைப் பார்த்து மனசு கேட்காமல் யாராவது கொடுத்துவிடப் போகிறார்கள்.

முதல் இரண்டு ராத்திரி முனகுவான், மூச்சிரைக்கும். பலமான வலி மருந்து இறங்கும்போதும் அப்படி ஆகும். வலியா மருந்தா என்று உனக்குப் பிடிபடவில்லையென்றால் போன் போட்டுக் கேள், தயங்காதே. பக்கத்திலேயே ஒரு பாயைப் போட்டுப் படுத்துக்கொள். நான் பத்து நாள் அப்படித்தான் படுத்தேன். சாப்பாட்டை லேசாகச் சூடாக்கி வாசனை வரும்படி வைத்தால் கொஞ்சமாவது முகர்ந்து பார்ப்பான். மலம் போக மூன்று நான்கு நாள்கூட ஆகலாம். சிறுநீர் மட்டும் ஒரு முழு நாள் போகவில்லையென்றால் காத்திருக்காதே.

அடுத்தது தரை. இதைப் பற்றி எனக்கு யாருமே சொல்லவில்லை. செவலை வீட்டுக்கு வந்த மறுநாள் கூடத்தில் நின்ற இடத்தை விட்டு அசையவே இல்லை. வலி என்று நினைத்து நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். பார்த்தால் அவன் கண் முழுக்கத் தரையிலேயே இருந்தது. வழவழப்பான தரையில் முதல் நாள் ஒரே ஒரு முறை வழுக்கியிருந்தான், அது அவன் மனசில் பதிந்துவிட்டது. வீட்டிலிருந்த யோகா பாயை விரித்தோம். அதன்மேல் ஏறினான், கடைசிவரை நடந்தான், விளிம்பு வந்ததும் ஆற்றங்கரையில் நிற்பதுபோல் நின்றுவிட்டான். இன்னொரு பாயை ஒட்டிப் போட்டதும் நடந்தான். அன்று சாயங்காலத்துக்குள் படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை பாய்களாலேயே ஒரு பாதை போட்டுவிட்டோம். நீ மணி வருவதற்கு முன்பே போட்டுவிடு. அடியில் ரப்பர் பிடிப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாயே சறுக்கும். பாதத்தின் அடியில் விரல்களுக்கு நடுவே வளரும் முடியை வெட்டிவிடு, நகங்களையும் குறைத்துவிடு. மாடிப்படியை மறித்து வை, சோபாவிலும் ஏற விடாதே.

உன் கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எழுந்திருக்கும்போதும் வெளியே போகும்போதும் வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்துப் பிடி. அவன் ஆண் நாய், துண்டு சிறுநீர் போகும் இடத்தை அழுத்தாமல் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். மலம் கழிக்க உட்காரும்போது முதல் சில நாள் இடுப்பைத் தாங்கிக்கொள். ஆனால் துண்டு விழாமல் காப்பாற்றுவதற்கு மட்டும்தான், தூக்கிச் சுமப்பதற்கு இல்லை. நான் அன்பினால் செவலையைப் பாதி தூக்கியே நடத்திக்கொண்டிருந்தேன். எட்டாவது நாள் துண்டு வராமல் எழுந்திருக்கவே மறுத்தான். அவனை அப்படிப் பழக்கியது நான்தான். அவன் தடுமாறட்டும், தானே சமாளிக்கட்டும் என்று ஒரு அடி தள்ளி நிற்பது இந்தக் காரியத்திலேயே எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. உனக்கும் அப்படித்தான் இருக்கும்.

நடை ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிஷம் போதும், சங்கிலியோடு, ஒரு நாளில் சில முறை. மூன்று கால் நாய்க்கு மெதுவாக நடப்பதைவிடத் தாவிப் போவதுதான் சுலபம். அதனால் வேகமெடுக்கப் பார்ப்பான், சீக்கிரம் களைத்தும் போவான். நடுவழியில் உட்கார்ந்தால் இழுக்காமல் நீயும் உட்கார்ந்துகொள். தையல் பிரிக்கும்வரை, அதாவது பத்துப் பதினான்கு நாள், ஓட்டம் கூடாது. கழுத்தில் மாட்டும் கூம்பையும் கழற்றாதே. பின்பக்கத் தையல் அவன் நாக்குக்கு நன்றாக எட்டும். ஒரு ராத்திரி போதும், தையலையே பிரித்துவிடுவான்.

தையலுக்குக் கீழே நான்கைந்து நாளில் மெத்தென்று ஒரு கட்டி தொங்கலாம். உள்ளே வெறும் நீர் கோத்திருக்கும், பெரும்பாலும் தானே வற்றிவிடும். ஒரு போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பு, நீயாக அழுத்திப் பார்க்காதே. கட்டி சூடாக, சிவந்து, தொட்டால் வலித்தால், சீழோ நாற்றமோ வந்தால், தையல் வாய் பிளந்தால், ஈறு வெளுத்தால் உடனே கூட்டிப்போ.

காயம் ஆறிய பிறகும் இடையிடையே திடீரென்று கத்திவிட்டு, கால் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கலாம். செவலைக்கு ஐந்தாறு தடவை நடந்தது, முதல் தடவை நான் நடுங்கிப்போனேன். மனிதர்களுக்கும் இது உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களுக்குச் சிகிச்சை செய்த சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர், இல்லாத உறுப்பு இருப்பதுபோலவே உணர்வதைப் பற்றி 1871-ல் எழுதியிருக்கிறார். நாய் என்ன உணர்கிறது என்று அது வாய் திறந்து சொல்லாது. எந்த நாளில், எத்தனை மணிக்கு நடந்தது என்று குறித்துவைத்து டாக்டரிடம் காட்டு, மருந்தை மாற்றித் தருவார்கள்.

எடையை மட்டும் விடாமல் பார்த்துக்கொள். நான்கு கால் சுமந்ததை இனி மூன்று கால் சுமக்க வேண்டும், அதிலும் பின்பக்கத்தின் பாரம் முழுக்க அந்த ஒற்றைக் காலுக்குத்தான். பாவம் என்று எல்லோரும் ஆளுக்கொரு வாய் கொடுத்ததில் செவலை ஆறு மாதத்தில் மூன்று கிலோ ஏறிவிட்டான், படியில் மூச்சு வாங்கினான். அதைக் குறைக்க ஒரு வருடம் ஆயிற்று. கையால் தடவினால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும், அதுதான் கணக்கு. கீமோ நாட்களில் சாப்பிடாமல் இளைத்தாலும் டாக்டரிடம் சொல். காயம் ஆறிய பிறகு ராத்திரி பத்து நிமிஷம் முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும், மிச்சக் காலின் தொடையிலும் இதமாகப் பிடித்துவிடு. நடையை மாற்றிக்கொள்வதில் அந்தத் தசைகள் இறுகிப்போகும்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. அவளிடம் மணியைப் பற்றிச் சொன்னேன், செவலை முதலில் போட்டிருந்த கைப்பிடி வைத்த பட்டையைத் தேடி எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். மணிக்கு அளவு சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன், நாளைக்கே அனுப்புகிறேன். தங்கச்சி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தாய். அவளைத் தனியே மருந்து நேரம் பார்க்க விடாதே, ஆளுக்கு ஒரு ராத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தையல் பிரிக்கப் போன அன்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண் நாயைப் பார்த்தேன், மணியைப் போலவே ஒரு பின்னங்கால் இல்லாதது. உட்கார்ந்த இடத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது, இடுப்புச் சதை மட்டும் வேகவேகமாகத் துடித்தது. அரிக்கிற காதை இல்லாத காலால் சொறிகிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கூட வந்திருந்த பெரியவர் பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி அந்தக் காதைச் சொறிந்துவிட்டார். அது அவர் கையிலேயே சாய்ந்துகொண்டது. மணிக்கு எந்தப் பக்கத்துக் கால் என்று நீ எழுதவில்லை. அந்தப் பக்கத்துக் காது இனி உன் பொறுப்பு.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு வரியாவது எழுது.

அன்புடன்,
உன் நண்பன்