ராத்திரி பத்தரை மணி மெயிலுக்கு யாரு காத்துகினு கீறாங்க?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல முன்னேற வழின்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, நாலரைக்கு எழுந்திருங்க, புதுசா ஒரு கோர்ஸ் சேருங்க, வாரம் ஒரு புக்கு முடிங்கன்னு. தப்புன்னு சொல்ல வரல, நானே அதெல்லாம் பண்ண ஆளுதான். ஆனா எதை விடணும்னு அதுல ஒரு வரி கூட இல்ல சார், அதான் எழுதுறேன்.

ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், அதாவது பையர் ஆர்டர் குடுத்ததுலருந்து சரக்கு கெளம்பற வரைக்கும் பின்னாடியே ஓடற ஆளு. க்யூசில, அதான் தரம் பாக்குற எடத்துல, சேர்ந்து பதிமூணு வருஷத்துல இந்த எடத்துக்கு வந்தேன், எங்க வீட்ல முதல் டிகிரி நான்தான், அதனால நின்னா எவனாவது தாண்டிடுவான்னு ஒரு பயம் கூடவே வரும். பகல்ல கட்டிங், ஸ்டிச்சிங், தைச்ச தோலை ஷூ அச்சுல ஏத்தற லாஸ்டிங்னு லைன் லைனா சுத்துறது, சாயந்திரம் இத்தாலி பையர் கால், ராத்திரி கரஸ்ல எம்பிஏ, ஞாயித்துக்கிழமை ஆன்லைன்ல ஜெர்மன் கிளாஸ். (நம்மூர் மே மாச மத்தியானத்துல உக்காந்து டெர், டீ, டாஸ்னு மனப்பாடம் பண்ணிப் பாருங்க, அப்ப தெரியும்.)

தோல் வேலைல இருக்கறவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தோல் லாட் வந்து எறங்குனா பேசிக்கினே கை தானா போயிடும், கட்டை விரலால அழுத்தி, மடிச்சு, க்ரெயின்னு சொல்ற மேல்பக்கம் லூசா இருக்கா சுருக்கம் விழுதான்னு பாத்துடுவோம். போன பொங்கலுக்கு முன்னாடி ஒரு நாள் ஒரு லாட் வந்து நின்னுச்சு, நான் கையே வெக்கல, ஓகே பண்ணிடுங்கன்னுட்டு போயிட்டேன். லாட்டு நல்லாதான் இருந்துச்சு, அது வேற. செலக்‌ஷன் பாக்குற பாய் ஒருத்தர், நாப்பது வருஷம் தோல்லயே கெடந்தவர், "இன்னா தம்பி, தொடாமயே போற"ன்னு கேட்டாரு. "ஷிப்மென்ட் போவணும் பாய்"ன்னேன். "ட்ரம்முலருந்து எடுத்த வெட் ப்ளூவையே ராத்திரி முழுக்க அடுக்கி வெக்கிறோம், அப்பதான் குரோம் நல்லா புடிக்கும், நீ இன்னா ஒரேடியா ஓடிகினு கீற"ன்னாரு. (வெட் ப்ளூன்னா குரோம் உப்புல பதப்படுத்துன ஈரத் தோலு.) நான் அதுக்குள்ள கண்டெய்னர் கணக்குக்குப் போயிட்டேன்.

அடுத்த மாசமே தலை சுத்தி உக்காந்தேன். பிபி பாத்த டாக்டர் மாத்திரை எழுதறதுக்கு முன்னாடி, கடைசியா எப்ப சும்மா இருந்தீங்கன்னு கேட்டாரு, நான் யோசிச்சிகினே இருந்தேன், பக்கத்துல இருந்த வீட்டுக்காரம்மா சிரிச்சிட்டாங்க.

பர்ன் அவுட்னா ஏதோ பணக்கார வியாதின்னு நெனச்சிருந்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019ல அதை வேலையால வர்ற பிரச்சனைன்னுதான் சொல்லியிருக்கு, வியாதின்னு இல்ல. மூணு அடையாளம் குடுத்திருக்காங்க, உடம்புல மனசுல தெம்பே இல்லாம போறது, செய்யற வேலை மேலயே ஒரு வெறுப்பு இல்லன்னா விலகல் வர்றது, நம்மால ஒழுங்கா செய்ய முடியலன்னு தோணறது. முதலும் மூணாவதும் எனக்குத் தெரிஞ்சுது, ரெண்டாவது அந்தத் தோலைத் தொடாம போனதுதான்னு அப்புறமாதான் உறைச்சுது. ஒரு ஞாயித்துக்கிழமை தூங்குனா இது போவாது சார். 2021ல அவங்களே ஐஎல்ஓன்ற சர்வதேச தொழிலாளர் அமைப்போட சேர்ந்து சொன்னது இன்னும் பயமா இருக்கு, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பாக்கறவங்களுக்கு, 35லருந்து 40 மணி நேரம் பாக்கறவங்கள விட பக்கவாதம் வர்ற ஆபத்து 35 சதவீதம் அதிகமாம். நான் என் மணி நேரத்தை எண்ணிப் பாக்கல, எண்ணுனா பிபி இன்னும் ஏறும்.

மாத்துனது ஒண்ணே ஒண்ணுதான். இத்தாலிக்காரன் சாயந்திரம் ஆறு மணிக்கு மெயில் தட்டிட்டு வீட்டுக்குப் போவான், அப்ப நமக்கு ராத்திரி பத்தரை, வெயில் காலத்துல ஒம்பதரை. நான் பதினோரு மணி வரைக்கும் உக்காந்து பதில் போடுவேன். அதை அவன் பாக்கறது மறுநாள் காலைல ஆபீஸ் வந்துதான். நான் காலைல ஒம்பது மணிக்கு போட்டாலும் அங்க விடியக்கூட இல்ல, அவன் வர்றப்ப ரெடியா இருக்கும். அப்ப இத்தினி வருஷம் யாருக்கு சார் கண்ணு முழிச்சேன்? மேனேஜர்கிட்ட இந்தக் கணக்கைப் பேப்பர்ல எழுதிக் காட்டுனேன், கொஞ்ச நேரம் பாத்துட்டு சரின்னுட்டாரு, அவரும் நிறுத்திட்டார்னு நெனைக்கிறேன். எம்பிஏவை ஒரு வருஷம் தள்ளி வெச்சிட்டேன். ஜெர்மனை விடல, அது புடிச்சிருக்கு.

ஆனா இதெல்லாம் எனக்குத்தான் நடக்கும். ஸ்டிச்சிங்ல உக்கார்ற பொம்பளைங்க கம்பெனி பஸ்ல வந்து, திரும்பிப் போயி சமைச்சு, புள்ளைங்கள பாத்து, மறுபடியும் விடியக்காலைல பஸ் புடிக்கணும், அவங்க யார்கிட்ட கணக்கு காட்டுவாங்க? வாரத்துக்கு 48 மணி நேரம்னு 1948லயே சட்டம் போட்டாச்சு, 2023ல பன்னெண்டு மணி நேர வேலைன்னு நம்ம சட்டசபைல ஒரு மசோதா வந்து, எதிர்ப்பு கெளம்பி வாபஸ் ஆச்சு, அப்ப எங்க லைன்ல பேசுன பேச்சை நீங்க கேட்டிருக்கணும். அடுத்த தடவ முன்னேறும் வழி போடறப்ப மொதலாளிங்களுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்க சார்.

இதை எழுதறப்ப போனு டிவி ஷெல்ஃப்ல கெடக்குது, ரெண்டு தடவ அடிச்சுது, எடுக்கல. மூணாவது தடவ வீட்டுக்காரம்மா எடுத்தாங்க, சிலிண்டர்காரராம், கீழ நின்னுகினு கீறாரு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ராணிப்பேட்டை