பரிந்துரைச் சீட்டில் பிரிவும் தேதியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சிறப்புப் பிரிவுகளுக்குப் புறநோயாளிகள் அனுப்பப்படும் முறையில் உள்ள ஒரு குறையைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சுகாதாரத் துறையின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். நான் கண்டது ஒரு மருத்துவமனையில்தான் என்றாலும், பல ஊர்க்காரர்களிடம் கேட்டவரையில் இது எங்கும் உள்ள குறை என்றே தெரிவதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை.

பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிட்டுவரும் என் அக்காவுக்குச் சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் இடது கால் சுண்டுவிரலருகே செருப்பு உரசிப் புண் வந்தது. கால் மரத்துப்போயிருந்ததால் அவருக்கு வலி தெரியவில்லை. புண் கறுத்த பிறகே எங்களிடம் காட்டினார். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, நாடித்துடிப்பு சரியாகக் கிடைக்கவில்லை, ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைப் பிரிவில் உடனே காட்டுங்கள் என்று சொல்லி, பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அவர் கொடுத்த சீட்டு ஓர் அரைத்தாள். அதில் அக்காவின் பெயர், வயது, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, கையொப்பம், முத்திரை ஆகியவை இருந்தன. எந்தப் பிரிவு, எந்தக் கிழமை, இதுவரை கொடுத்த மருந்து என்ன என்பவை இல்லை. அவற்றை அவர் வாயால் சொன்னார். நாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் புதன்கிழமை. காலை 5.10 பேருந்தைப் பிடித்து, வழியில் ஒருமுறை மாறி, 7.45 மணிக்கு ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றோம். (மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்தோடு சரி, வெளியூர்ப் பேருந்தில் அக்காவும் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும்.) அரைத்தாளைப் பார்த்த பணியாளர் பொது அறுவைப் பிரிவின் அறை எண்ணை எழுதிக் கொடுத்தார். அங்கே இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகுதான், ரத்தக்குழாய்ப் பிரிவின் ஓ.பி. செவ்வாய், வெள்ளி மட்டுமே என்பதை இளம் மருத்துவர் ஒருவர் பரிவோடு எடுத்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை போனோம், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எழுதினார்கள், அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளித் தேதி கிடைத்தது. ஸ்கேன் ரிப்போர்ட்டோடு அடுத்த செவ்வாய்க்கிழமை சென்றபோது, முதலில் பார்த்த மருத்துவருக்கு வெள்ளிதான் ஓ.பி. நாள் என்று திருப்பி அனுப்பினார்கள். ஆக, ஐந்தாவது பயணத்தில்தான் சிகிச்சை முடிவானது. இறுதியில் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. முன்பே பார்த்திருந்தால் விரல் தப்பியிருக்கும் என்று சொல்ல நான் மருத்துவன் அல்லன். ஆனால் சர்க்கரை நோயாளியின் கால்புண்ணுக்கு மூன்று வாரம் சிறிய காலம் இல்லை என்பதை அங்குள்ள செவிலியர்களே சொன்னார்கள்.

இதில் எந்த மருத்துவரையும் குறைசொல்ல மாட்டேன். ஒரே மேசையில் இரண்டு மருத்துவர்கள், வாசலுக்கு வெளியே நீளும் வரிசை என்ற நிலையிலும் ஒருவர்கூட எங்களிடம் முகம் சுளிக்கவில்லை. ஒருவரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பொறுப்போடு ஒப்படைப்பது எப்படி என்பது நம் சுகாதாரத் துறைக்குத் தெரியாததும் அன்று. கருவுற்ற பெண்ணுக்குப் பிக்மி என்ற பதிவு எண் கொடுத்து, கிராம சுகாதார செவிலியர் முதல் பிரசவ அறை வரை அவர் விவரம் தொடர்ந்து செல்ல வழிசெய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை விபத்தில் அடிபட்டவரை வீதியிலிருந்து அவசர சிகிச்சைப் பிரிவின் வாசல்வரை கொண்டுசேர்க்கிறது. தன் காலால் நடந்து வரும் நாட்பட்ட நோயாளிக்கு மட்டும் இத்தகைய சங்கிலி இல்லை. அவர் கையிலிருக்கும் மஞ்சள் பைதான் சங்கிலி.

கட்டடங்கள் போதவில்லை என்று முன்போலச் சொல்வதற்கும் இல்லை. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. பெரியாஸ்பத்திரி பலருக்கு அருகில் வந்துவிட்டது. அருகில் வந்ததாலேயே இன்னொரு சிக்கலும் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து எழுதி வாங்கி வருகிறவரும், நேரே பேருந்து ஏறி வருகிறவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். பரிந்துரைச் சீட்டுக்கு அங்கே எந்த மதிப்பும் இல்லையென்றால், தலைவலிக்கும் தும்மலுக்கும் மக்கள் நேரே மருத்துவக் கல்லூரிக்குப் போவதைக் குறைசொல்லி என்ன பயன்? சீட்டோடு வருகிறவருக்குத் தனிச் சாளரம் ஒன்றைத் திறந்து பாருங்கள். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுவாரமே கூட்டம் கூடும்.

எனவே நான் கேட்பது பெருஞ்செலவு பிடிக்கும் திட்டம் ஏதும் இல்லை. மாவட்ட மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றின் சிறப்புப் பிரிவுகள் எந்தெந்தக் கிழமையில், எந்த அறையில், எத்தனை மணிவரை இயங்கும் என்ற அட்டவணை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவர் மேசையிலும், வெளிச் சுவரிலும் இருக்க வேண்டும். அது மாறும்போது தாளும் மாற வேண்டும். சீட்டு எழுதும்போதே தொலைபேசியிலோ கணினியிலோ தேதி குறித்து, பிரிவின் பெயரையும் அதில் எழுதிவிட வேண்டும். புண்ணைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால், இந்த நோயாளி இந்த வாரமே வர வேண்டியவரா, அடுத்த மாதம் வந்தால் போதுமா என்பதைச் சிறப்பு மருத்துவர் அங்கிருந்தே சொல்லிவிடலாம். தொலைமருத்துவ ஆலோசனைக்கு இ-சஞ்சீவனி என்ற அரசுத் தளம் ஏற்கெனவே இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஸ்கேனையும் மருத்துவரையும் ஒரே நாளில் அமைத்துக் கொடுப்பது இவற்றுள் கடினமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பி வரும் வழியும் அடைபட்டே கிடக்கிறது. அக்கா வீடு திரும்பியபோது கொடுத்த சிகிச்சைச் சுருக்கம் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளால் நிறைந்த ஒரு பக்கம். எங்கள் ஊர் மருத்துவருக்கு அதன் நகல் எதுவும் வரவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் பெண் தன்னார்வலருக்கு, தான் மாத்திரை கொடுக்கிறவருக்கு விரல் எடுத்த செய்தியே தெரியாது; காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்துத்தான் என்னவென்று கேட்டார். என்ன மருந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை கட்டு மாற்ற வேண்டும், மறுபடி எப்போது வர வேண்டும் என்பவற்றைத் தமிழில் நான்கு வரியாக எழுதி, ஒரு படியை நோயாளியிடமும் இன்னொன்றை அனுப்பிய நிலையத்துக்கும் கொடுக்கும் வழக்கத்தை மாவட்ட இணை இயக்குநர்களும் மருத்துவக் கல்லூரி முதல்வர்களும் தங்கள் அளவிலேயே தொடங்கிவைக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்
(பெயர், முகவரி தங்கள் பார்வைக்கு மட்டும் தனியே இணைக்கப்பட்டுள்ளன.)