பைக் வாங்குவதா, வேண்டாமா: ஷோரூமுக்குப் போகும் முன் வீட்டில் பேச வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் 2 முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் ஜூன், ஜூலை மாதங்களில் ஒரே பேச்சுதான். பையனுக்கு பைக் வேண்டும். அம்மாவுக்குப் பயம். அப்பாவுக்கு மாதா மாதம் டியூ கட்ட முடியுமா என்ற கணக்கு. பல நாள் இழுபறிக்குப் பிறகு "சரி, வாங்கிக்கோ" என்றோ, "நான் இருக்கும்வரை கிடையாது" என்றோ பேச்சு முடிந்துவிடுகிறது. எந்த மாடல், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை எல்லா வீட்டிலும் அலசுகிறார்கள். ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) யார் பெயரில், பின்னால் யார் உட்காரப் போகிறார்கள், தினமும் போகும் ரோடு எப்படிப்பட்டது என்ற மூன்றையும் கேட்கும் வீடுகள் மிகக் குறைவு. பிற்பாடு வரும் துயரங்களில் பெரும்பகுதி இந்த மூன்றில் இருந்துதான் கிளம்புகிறது.

அம்மாவின் பயத்தை யாரும் கேலி செய்ய வேண்டாம். 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். வண்டி ஓட்டுபவருக்கு மட்டும் ஹெல்மெட் வாங்கும் வீடுகள் இந்தக் கடைசி எண்ணை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

அதேசமயம், வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பையன் ஓட்டாமல் இருப்பான் என்பதும் நடக்காத காரியம். நண்பனின் வண்டியில் மூன்றாவது ஆளாக, ஹெல்மெட் இல்லாமல் போவான். அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் உண்டா என்பதுகூட அவனுக்குத் தெரியாது. ஆகவே பேசித்தான் ஆக வேண்டும்.

முதலில் ரோடு. கல்லூரி எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, அதில் எத்தனை கிலோமீட்டர் நான்குவழிச் சாலை என்பது முக்கியம். பைபாஸ் ஓரத்தில் இருக்கும் கல்லூரிக்கு, மீடியனில் (நடுத்தடுப்பில்) திரும்பும் இடைவெளி இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், பையன் முதல் வாரம் சுற்றிப் போவான். இரண்டாம் வாரம் நண்பர்களோடு எதிர்த்திசையில் ஓரமாக வரத் தொடங்குவான். லாரிக்காரர் அந்தப் பக்கத்தில் இருந்து எதிரே வண்டி வரும் என்று நினைத்து ஓட்டுவதில்லை. வேலை நாளில் காலை எட்டரைக்கு ஒருமுறை, மாலை இருட்டிய பிறகு ஒருமுறை அந்த வழியில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் எதுவும் தெரியாது. சர்வீஸ் ரோடு கடைசிவரை உண்டா, விளக்கு எரிகிறதா, திரும்பும் இடத்தில் மணல் குவிந்து கிடக்கிறதா என்று கவனியுங்கள். சர்வீஸ் ரோடும் இல்லை, அருகில் திரும்பவும் வழியில்லை என்றால் என் கருத்தில் பதில் ஒன்றுதான்: கல்லூரிக்கு பஸ், ஊருக்குள் போய்வர மட்டும் வண்டி. மொத்தமும் ஊர்ச்சாலை, பத்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான் என்றால் தாராளமாக யோசிக்கலாம்.

அடுத்தது பெயர். பையனுக்கு 18 ஆகும்முன் அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ வாங்கி, "தெருவுக்குள் மட்டும்" என்று சாவியைக் கொடுப்பது சகஜமாகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 செப்டம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த 199ஏ பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. 16 வயதில் லைசென்ஸ் எடுக்கலாமே என்பார்கள். அது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். இன்று வீடுகளில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் அதற்குள் வராது. கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் வைத்திருப்பவர் கியர் பைக்கை ஓட்டினால், அதுவும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு.

18 தாண்டிய பிறகும் பெயர் விஷயம் தீர்வதில்லை. வண்டியோடு எடுக்கும் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம் ரூபாய். அது யாருக்கு என்பதைப் பாலிசியில் பாருங்கள்: உரிமையாளராகவும் ஓட்டுநராகவும் இருப்பவருக்கு. ஆர்.சி.யில் இருக்கும் பெயர், பாலிசியில் இருக்கும் பெயர், செல்லுபடியாகும் லைசென்ஸ் மூன்றும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். அப்பா பெயரில் வண்டி, ஓட்டுவது மகன் என்றால், மகன் தானாகச் சறுக்கி விழுந்து உயிர் போனால், அந்தப் பணத்துக்காக நீதிமன்றப் படி ஏற வேண்டிவரும். லைசென்ஸே இல்லாத அம்மா பெயரில் வாங்கினால் நிலைமை இன்னும் மோசம்; அந்தக் காப்பையே எடுக்க முடியாது. எனவே பையன் லைசென்ஸ் எடுக்கும்வரை பொறுத்திருந்து அவன் பெயரிலேயே வண்டியைப் பதிவு செய்வது நல்லது. எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். அந்த ஒரு மாதப் பொறுமைகூட இல்லாத பிள்ளைக்கு வண்டி இப்போதைக்கு வேண்டாம் என்று அப்பா தயங்காமல் சொல்லலாம்.

இன்சூரன்ஸில் இன்னொரு குழி இருக்கிறது. "ஐந்து வருஷத்துக்குப் போட்டாச்சு" என்று ஷோரூமில் சொல்வது தேர்டு பார்ட்டி பகுதியை, அதாவது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான பகுதியை மட்டும். நம் வண்டிச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டுதான். தனிநபர் விபத்துக் காப்பையும் பல இடங்களில் ஓராண்டுக்கே போடுகிறார்கள். இரண்டாம் ஆண்டு யாரும் நினைவூட்டாததால் இரண்டும் காலாவதியாகி, பெட்டிக்குள் பாலிசி மட்டும் பத்திரமாக இருக்கும். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி, பின்னால் உட்கார்ந்து வரும் அம்மாவுக்கோ தங்கைக்கோ பொறுப்பேற்காது. வண்டி எடுக்கும் அன்றே எந்தப் பகுதி எந்தத் தேதியில் முடிகிறது என்று காலண்டரில் எழுதிவிடுங்கள். பின்னால் உட்காருபவருக்கான விபத்துக் காப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அதற்கு ஆகும் தொகை சிறியது.

மாடலைத் தேர்ந்தெடுக்கும்போது எடையைப் பாருங்கள். ஸ்ப்ளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ. கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. வாசல் சரிவில் பின்னுக்குத் தள்ளும்போதும், சிக்னலில் ஒரு கால் மணலில் வழுக்கும்போதும், அம்மா ஒருபக்கமாக ஏறி உட்காரும்போதும் தெரியும். ஷோரூமில் உட்கார்ந்து பார்த்தால் போதாது. இன்ஜினை ஓட விடாமல் பத்தடி பின்னுக்குத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு காலின் முன்பாதமும் தரையில் ஊன்ற வேண்டும். பிறகு வீட்டில் யார் பின்னால் உட்காரப் போகிறார்களோ அவர்களைக் கூட்டிப்போய் சேலையோடு, துப்பட்டாவோடு உட்கார வைத்துப் பாருங்கள். பின்சீட் உயர்ந்து, பிடிக்க எதுவும் இல்லாத ஸ்போர்ட்ஸ் மாடல்களில் அம்மா ஒருநாளும் நிம்மதியாக வர முடியாது. கைப்பிடி, கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகியவற்றை மோட்டார் வாகன விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. நாம் சேலை கார்டு என்று சொல்வது அந்தத் தடுப்பைத்தான். வாங்கிய மறுவாரம் பிள்ளைகள் முதலில் கழற்றுவதும் அதைத்தான். அடுத்து கண்ணாடி, அடுத்து பின் மட்கார்டு. சங்கிலிக்கும் ஆரக்கம்பிகளுக்கும் நடுவே துப்பட்டா சுற்றினால் கழுத்து இறுகுவதற்கு ஒரு நொடி போதும். கழற்ற மாட்டேன் என்பதை வண்டி வாங்குவதற்கான நிபந்தனையாகவே வைக்கலாம்.

பிரேக் பற்றி வீடுகளில் பரம்பரையாக ஒரு தவறான பாடம் சொல்லித் தரப்படுகிறது: "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிடும்." பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்குப் போகிறது, அதனால் வண்டியை நிறுத்தும் பிடியில் பெரும்பங்கு அங்கேதான் கிடைக்கிறது. பின்சக்கரம் இலேசாகி, அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொண்டு வால்போல ஆடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் போகிறோம். ஆபத்தைக் கண்டு கை அசையவே ஒரு நொடி போய்விடும். அதன்பின் காய்ந்த தார் ரோட்டில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தால் 20, 25 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் 40 மீட்டரைத் தாண்டும். முன் பிரேக் தூக்கி அடிப்பது, திரும்பும்போதோ மணலிலோ வெடுக்கென்று பிடித்தால்தான். நேராகப் போகும்போது படிப்படியாக அழுத்தும் பழக்கத்தைக் காலி மைதானத்தில் 20, 30, 40 வேகத்தில் ஐம்பது முறையாவது செய்து பார்க்க வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வரும் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம். அந்த விதிப்படி அதற்குக் கீழே சிபிஎஸ் இருந்தால் போதும். சக்கரம் பூட்டாமல் காப்பது ஏபிஎஸ். சிபிஎஸ் அதைச் செய்யாது. ஒரு பிரேக்கை அழுத்தினால் மற்றதையும் கொஞ்சம் பிடிக்க வைக்கும், அவ்வளவே. மழை தொடங்கிய முதல் பத்து நிமிடத்தில், தூசியும் எண்ணெயும் கலந்த ரோட்டில் இந்த வித்தியாசம் உயிர்க்கணக்கு. அலாய் வீலுக்கும் ஸ்டிக்கருக்கும் கொடுக்கும் பணத்தை ஏபிஎஸ் உள்ள மாடலுக்குக் கொடுங்கள்.

பணக் கணக்குக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28இல் இருந்து 18 சதவீதம் ஆனது. விலை இறங்கியது உண்மை. ஆனால் டியூவில் வாங்குபவர் வட்டி முறையைக் கேட்காவிட்டால் அந்த லாபம் கடன் முடிவதற்குள் கரைந்துவிடும். 80,000 ரூபாய் கடன், 36 மாதம், 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். குறையும் அசலுக்கு வட்டி என்றால் மாதம் சுமார் 2,657 ரூபாய். மொத்த வட்டி சுமார் 15,650. அதே 12 சதவீதம் 'பிளாட்', அதாவது கடைசி மாதம்வரை முழுக் கடனுக்கும் வட்டி என்றால் மாதம் 3,022. மொத்த வட்டி 28,800. கேட்பதற்கு இரண்டும் 12தான். பின்னது உண்மையில் 21 சதவீதத்துக்கு வருகிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 50 கொடுக்கும் வண்டிக்கும் 20 லிட்டர் பெட்ரோல். டியூவோடு அதையும் சேர்த்துக் கல்லூரி பஸ் கட்டணத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தேர்டு பார்ட்டி கட்டணமும் இன்ஜின் அளவோடு ஏறும். 2022 அட்டவணைப்படி ஐந்தாண்டுக்கு, 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை 3,851 ரூபாய். அதைத் தாண்டினால் 350 சிசி வரை 7,365 ரூபாய், வரி தனி.

பழைய வண்டி வாங்கினால் ஆர்.சி.யில் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா, சேஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு, படிவம் 29, 30 கொடுத்துப் பெயரை மாற்றிய பிறகே முழுத்தொகை கொடுங்கள். விற்பவருக்கும் இதில் அக்கறை வேண்டும். பெயர் மாறாத வரை, யார் ஓட்டி விபத்து நடந்தாலும் பதிவில் இருக்கும் உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது.

ஹெல்மெட்டுக்கு வருவோம். ஷோரூமில் தரும் ஒன்றோடு நிற்காமல், பின்னால் உட்காருபவருக்கும் ஐஎஸ்ஐ முத்திரையோடு முழுமுகம் மூடியது வாங்குங்கள். புருவத்துக்கு மேலே தலைச் சுற்றளவை டேப்பால் அளந்து, அதற்கேற்ற எண்ணில் எடுக்க வேண்டும். வாரைப் பூட்டிய பிறகு பின்னாலிருந்து தூக்கினால் கழன்று வரக்கூடாது. ஒருமுறை அடிபட்டால், வெளியே கீறல் மட்டும் இருந்தாலும், உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கியிருக்கும், மாற்றிவிட வேண்டும்.

தங்கள் நாளிதழ் மூலமாக வாகன விற்பனையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொடுக்கும் விலைப்பட்டியலில் நான்கு வரி கூடுதலாக அச்சிடுங்கள்: ஏபிஎஸ்ஸா சிபிஎஸ்ஸா, இன்சூரன்ஸின் ஒவ்வொரு பகுதியும் முடியும் தேதி, தனிநபர் விபத்துக் காப்பு யார் பெயரில், வட்டி பிளாட்டா குறையும் அசலுக்கா. சாவியைக் கையில் வாங்குவதற்கு முன்பே அந்தத் தாளை அம்மா படித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓட்டுநர் பயிற்சியாளர் ஒருவர்,
நாமக்கல்.