கழற்றி மாட்டிய ஸ்கோப்பைச் சுட்டுப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் தேசிய சேவை முடித்தபின் ரிசர்விஸ்ட் பயிற்சிக்குப் போய்வரும் இளைஞர் சிலரிடம் ஒரு தவறான நம்பிக்கையைப் பார்க்கிறேன். துப்பாக்கியின் மேலுள்ள ரெயிலில், அதாவது பள்ளம் பள்ளமாக வெட்டிய உலோகப் பட்டையில், பூட்டும் ஸ்கோப் என்னும் குறிநோக்கியைக் கழற்றி அதே பள்ளத்தில் மாட்டிவிட்டால் ஜீரோ, அதாவது குறி பார்த்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்து வைத்த நிலை, அப்படியே இருக்குமாம், மறுபடி சுட்டுப் பார்க்க வேண்டியதில்லையாம். என் அக்காள் மகனும் இதையே அடித்துச் சொன்னான். துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகச் செய்து ஓய்வுபெற்றவன் நான். இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நாங்கள் எம்16 தூக்கிய நாளில் இந்தப் பேச்சே எழவில்லை. பின்னர் வந்த சார் 21 துப்பாக்கியிலும் 1.5 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் கைப்பிடியிலேயே அமைந்திருந்தது. வீரர் அதைக் கழற்றுவதில்லை. மேலே ரெயில் வைத்த துப்பாக்கிகள் வந்த பிறகுதான் இந்தக் கேள்வி வந்தது.

ஒரு சிறிய கணக்கு. ஸ்கோப்பைத் தாங்கும் மவுண்டின் நீளம் 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒரு முனை மட்டும் 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு தாளின் கனம் அளவுக்கு, விலகி உட்கார்ந்தால் போதும். 100 மீட்டரில் குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளிப் போகும், 300 மீட்டரில் 30 சென்டிமீட்டர். ரெயிலில் ஒட்டிய மணலும் காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கும் இந்த விலகலுக்குத் தாராளமாகப் போதும். நம் ஊர்ப் புழுக்கத்தில் துருவுக்குப் பயந்து எண்ணெயை அள்ளிப் பூசுகிறோம். பூசட்டும், ஆனால் மவுண்ட் பிடிக்கும் இடத்தை உலர்ந்த துணியால் துடைத்த பிறகே பூட்ட வேண்டும்.

அடுத்தது பள்ளம். 1995இல் அமெரிக்க ராணுவம் தரப்படுத்திய பிக்காட்டினி ரெயிலில் ஒவ்வொரு பள்ளமும் 5.23 மில்லிமீட்டர் அகலம். மவுண்டின் குறுக்குக்கட்டை அதைவிடச் சற்று மெலிதாக இருந்தால்தான் உள்ளே இறங்கும். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது, ஸ்கோப்போ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதனால் குறுக்குக்கட்டை பள்ளத்தின் முன்சுவரை நோக்கித் தள்ளப்படுகிறது. ஆகவே பூட்டும்போதே மவுண்டைக் குழல் முனைப் பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவை முறுக்க வேண்டும். முறுக்கும் விசையும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வேண்டும், கைக்கணக்கு உதவாது. எந்தப் பள்ளம் என்று பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் குழப்பமும் வராது.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தால் நல்ல மவுண்ட் பழைய இடத்துக்கு மிக அருகில் திரும்பிவிடும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் திரும்பியதா இல்லையா என்பதை இலக்கு அட்டைதான் சொல்ல வேண்டும், மவுண்ட் வந்த பெட்டியில் அச்சடித்த வாசகம் அல்ல.

போட்டித் துப்பாக்கிக்காரர்களைப் பாருங்கள். 10 மீட்டர் ஏர் ரைபிளில் பத்துப் புள்ளிக்கான வட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். 2018 காமன்வெல்த் விளையாட்டுகளில் நம் மார்டினா வெலோசோ தங்கம் வென்றது அந்தப் பிரிவில்தான். அங்கே ஸ்கோப் கிடையாது, துளை வழியாகத்தான் குறி பார்ப்பார்கள். இருந்தும் உலகத் தரத்து வீரர்களுக்கே போட்டிக்கு முன் ஆயத்தத்துக்கும் சோதனைச் சுடுதலுக்கும் 15 நிமிடம் ஒதுக்குகிறார்கள்.

பயிற்சி நடத்துவோருக்கு என் வேண்டுகோள் இதுதான். சுத்தம் செய்யவோ பழுது பார்க்கவோ ஸ்கோப்பைக் கழற்றிய துப்பாக்கிகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். மதிப்பெண் சுடுதலுக்கு முன் அவற்றுக்கு ஐந்து தோட்டாவாவது கொடுங்கள். நேரமில்லை என்று அதை விட்டுவிட்டால், குறி தவறிய பழி பையன் தலையில் விழுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவத் தொழில்நுட்பர்,
ஈசூன்